நான் சொல்லாத செம்பு

ஜூன் 3, செவ்வாய்

குக்கர் வாஷர் போய்விட்டது. விசில் வராமல் சுற்றிலும் ஆவி விட்டுக்கொண்டே இருந்தது. வேகாத பருப்பை இறக்கிவைத்துவிட்டு, வீட்டுக்காரர் கோமதிநாயகத்தை பேங்க் கேன்டீனிலேயே சாப்பிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஓட்டமாக ஓடி காலேஜ் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஆய்வகத்தில் இரண்டு முறை கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். கத்தோ கத்தென்று கத்தியது. அதற்கு நடுவில்தான் கடைசி ஸ்லைடுகளைப் பார்த்து முடித்தேன். இருக்கிறது. நான் தேடியது நோயுள்ள ஈறுகளில் இருக்கிறது, நல்ல ஈறுகளில் அநேகமாக இல்லை.

மேற்படிப்பில் பாதிக் காலம் இதற்கே போயிற்று. வைவாவில் உளறாமல் இருக்க ஒரு தடவை எளிமையாக எழுதிவைக்கிறேன். ஈறு நோய் என்றால் கிருமி மட்டும் இல்லை. ஈறின் செல்களே செத்துச் செத்துப் பல்லின் பிடி தளர்கிறது. செல் சாவதற்குப் பல வழிகள். அதில் ஒன்று செம்பால் சாவது. உடம்புக்குச் செம்பு கொஞ்சம் வேண்டும்தான். ஆனால் ஒரு செல்லுக்குள் அது அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால், அந்தச் செல்லுக்குச் சக்தி தயாராகும் இடத்துக்குப் போய் அங்கே உள்ள சில புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்தப் புரதங்கள் பால் திரிவது மாதிரி கட்டி கட்டியாகத் திரளும். செல் தாங்காது. நான் பார்த்தது அந்தக் கட்டிகளை. இதனால் நோய் வருகிறதா, நோயால் இது வருகிறதா, தெரியாது. செம்பு ஏன் செல்லுக்குள் வந்து சேர்கிறது என்பதும் தெரியாது.

துறைத்தலைவர் ஜெபமணி சாரிடம் சொன்னேன். "நல்லதும்மா. காலேஜுக்கு ஒரு நியூஸ் வேணும்னு சேர்மன் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார். ஸ்லைடுகளை அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே பிறவிப்பெருமாள் அத்தான் நிற்கிறார். கோமதிநாயகத்தின் அண்ணன். கீழே அவர்கள் குடும்பம், மாடியில் நாங்கள். மாமா விட்டுப்போன பாத்திரக்கடையை அத்தான்தான் நடத்துகிறார். இப்போது பாதிக் கடை செம்புப் பாட்டில்.

"என்ன டாக்டரம்மா, இன்னைக்கு எத்தனை பல்லு புடுங்குனே? எல்லாரும் செம்புத் தண்ணி குடிச்சா ஒனக்குத் தொழிலே இருக்காது, தெரியும்லா."

கல்யாணமானதிலிருந்து இதே வசனம். சிரித்துவிட்டு மாடியேறினேன். வாஷர் வாங்க மறந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

ஓ.பி.யில் ஆதிமூலம் வந்தார். பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பேசுகிறவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து "அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, பாபநாசம் செல்லும் பயணிகள்" என்று கேட்டுப் பழகிய குரல். அந்தக் குரலுக்குள் இப்படியொரு வாய் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. கீழ்வரிசை முன்பற்கள் நான்கும் ஆடுகின்றன. நடுவில் இரண்டு ரொம்ப மோசம். மேலோட்டமாகச் சுத்தம் செய்து முடித்தாயிற்று. இனி ஈறைத் திறந்து வேர் வரைக்கும் சுத்தம் செய்து, ஆடுகிற பற்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

"கத்தி வைக்காம முடியாதா டாக்டரம்மா?"

"முடியாது அண்ணாச்சி. விட்டா நாலும் போயிரும்."

"முன்பல்லு போச்சுன்னா எனக்கு 'ச' வராது. ஏற்கெனவே பதிவு பண்ணுன பொம்பளக் குரலப் போட்டுரலாமான்னு பேசிக்கிட்டிருக்காங்க."

"அதுக்குத்தான் சொல்லுதேன். பத்தொம்பதாந்தேதி வந்துருங்க."

தேதியைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்.

ஜூன் 9, திங்கள்

இன்று பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்தார், பெயர் வேலாயுதம். சார்தான் வரச்சொல்லியிருக்கிறார். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வரும்படி நேற்றே எனக்குத் தகவல். அந்தப் பச்சைக் கரைப் புடவையைக் கட்டினேன். மேலே வெள்ளைக் கோட்டு போட்டதும் கரையே தெரியவில்லை.

பொறுமையாக எல்லாம் சொன்னேன். செல், புரதம், கட்டி. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். போனில் பதிவு செய்தார். பிறகு, "நெல்லைன்னாலே தாமிரபரணி. தாமிரபரணி ஊர்லயே தாமிரத்தப் பத்தி ஆராய்ச்சி, நல்லாருக்கு" என்றார். எழுந்திருக்கும்போது, "அப்ப, செம்புப் பாத்திரத்துத் தண்ணி பல்லுக்கு எமன்னு சொல்லலாம். அப்படித்தானே டாக்டர்?" என்று கேட்டார்.

சட்டென்று அத்தானின் முகம் நினைவுக்கு வந்தது. சிரித்துவிட்டேன். "நீங்க பத்திரிகைக்காரங்க, என்ன வேணாலும் சொல்லுவீங்க" என்றேன்.

மைக்ராஸ்கோப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். இரண்டாவது தடவையும் எடுக்கச் சொன்னேன், முதல் படத்தில் கண் மூடியிருந்தது.

ஜூன் 11, புதன்

செய்தி வரவில்லை. கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். ஆசையால் அல்ல, தப்பாக எதுவும் போட்டுவிடக் கூடாதே என்றுதான்.

ஜூன் 12, வியாழன்

வந்துவிட்டது. "செம்புப் பாத்திரத் தண்ணீர் பல்லுக்கு எமன். நெல்லை பெண் டாக்டர் கண்டுபிடிப்பு." கொட்டை எழுத்தில். கீழே நான், கண் திறந்தபடி.

நான் செம்புப் பாத்திரம் என்ற வார்த்தையையே உச்சரிக்கவில்லை. தண்ணீர் என்றும் சொல்லவில்லை. யாருக்கும் தண்ணீர் கொடுத்து நான் எதையும் சோதித்ததில்லை. முழுச் செய்தியிலும் "செல்" என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதுவும் என் செல்போன் எண்ணைத் தர மறுத்தேன் என்பதற்காக.

காலேஜில் எல்லாரும் கைகொடுத்தார்கள். ஜூனியர் பெண்கள் கேக் வெட்டினார்கள். நானும் தின்றேன்.

மாலையில் கீழ்வீட்டைக் கடந்து மாடியேற வேண்டியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. அந்த நேரத்துக்கு ஒருநாளும் சாத்துகிறவர்கள் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

வாஷர் வாங்கினேன். அளவு சரியில்லை.

ஜூன் 14, சனி

வேலாயுதத்துக்குப் போன் போட்டேன். நான் சொல்லாததை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "இருங்க டாக்டர்" என்று சொல்லி, பதிவைப் போட்டுக் காட்டினார். அவர் கேட்பது கேட்கிறது. பிறகு சிரிப்பு. நான் அப்படிச் சிரிப்பேன் என்று எனக்கே தெரியாது, கெக்கெக்கென்று.

"மறுக்கலல்லா நீங்க?" என்றார்.

சிரிப்பது சம்மதமாகுமா என்று கேட்டேன். தலைப்பு ஆபீஸில் வைத்தது, தனக்குச் சம்பந்தமில்லை என்று போனை வைத்துவிட்டார். பத்திரிகைத் தொழில் இந்த லட்சணத்தில் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

அத்தானும் அவர் மனைவி சொர்ணம் அக்காவும் மாடிக்கு வந்தார்கள். அத்தான் உட்காரவில்லை. கையில் கொண்டுவந்த செம்புப் பாட்டிலை மேசையில் வைத்தார்.

"ஆவுடை, ஒண்ணுமில்ல. நீ இதுல ஒரு மடக்கு குடிக்கணும். குடிச்சிட்டு, இதனால ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லணும். கோமதிநாயகம் போன்ல வீடியோ எடுத்துருவான். கடையில போட்டுருதேன்."

"நான் அத ஆராய்ச்சி பண்ணல அத்தான்."

"கெட்டதுன்னு மட்டும் ஆராய்ச்சி பண்ணுனியோ?"

"கெட்டதுன்னும் சொல்லல."

"அப்ப என்னதான் சொன்னே?"

சொன்னேன். காகிதத்தில் படம் போட்டுச் சொன்னேன். செல் ஒரு வீடு மாதிரி, செம்பு உள்ளே வரவும் வெளியே போகவும் வாசல் இருக்கிறது, அந்த வாசலில் ஏதோ கோளாறு, குடிக்கிற தண்ணீருக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக யாரும் காட்டவில்லை என்றெல்லாம். காபி ஆறிப்போகிற வரைக்கும் சொன்னேன். அத்தான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப செம்பு கெடுதல்தான்னு சொல்லுதே."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"கடைக்கு வந்து, வாங்குன பாட்டில மேசையில வச்சிட்டுப் போறாங்க ஆவுடை. பழகுன ஆளுங்க. காசு கூடக் கேக்கல. வச்சிட்டுப் போறாங்க" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

சொர்ணம் அக்கா மட்டும் நின்றாள். "அவரு வெளாட்டுக்குப் பேசுனதெல்லாம் மனசுல வச்சிருந்தியோ" என்று கேட்டாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை.

அவர்கள் போன பிறகு கோமதிநாயகம், "ஒரு மடக்கு குடிச்சிருக்கலாம்ல?" என்றார். நான் துணி காயப்போடப் போனேன்.

ஜூன் 17, செவ்வாய்

மறுப்புக் கடிதம் எழுதி ஜெபமணி சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மறுப்பு எதுக்கும்மா? அவங்க ஒன்னைத் திட்டியா போட்ருக்காங்க?"

"தப்பாப் போட்ருக்காங்க சார்."

"அட்மிஷன் நேரம். சேர்மன் கேட்ல பிளெக்ஸே வச்சிட்டாரு. இப்பப் போய் நாங்க அப்படிச் சொல்லலன்னா, அப்ப என்னதான் கண்டுபிடிச்சீங்கன்னு கேப்பாங்க." பிறகு அன்பாகத்தான் சொன்னார். "தீசிஸ்ல நான் கையெழுத்துப் போடணும். அத மட்டும் நெனப்புல வச்சுக்கோ."

திரும்பும்போது பிளெக்ஸைப் பார்த்தேன். என் தலைக்குப் பின்னால் ஒரு பெரிய செம்புக்குடம் வரைந்திருக்கிறார்கள்.

ஜூன் 19, வியாழன்

ஆதிமூலம் வரவில்லை. கருவிகளெல்லாம் எடுத்துவைத்துக் காத்திருந்தது வீண். இந்த நோயாளிகளுக்குப் பயம் வந்தால் நம் நேரத்தைப் பற்றிக் கவலையே கிடையாது.

ஜூன் 24, செவ்வாய்

வாட்ஸாப்பில் வந்தது, பெரியம்மா அனுப்பியது: "தாமிரபரணியில் தாமிரம் கலந்திருப்பதால் நெல்லை மக்களுக்குப் பல் விழுகிறது, பெண் டாக்டர் அதிர்ச்சித் தகவல், பத்துப் பேருக்கு அனுப்பவும்." இந்த டாக்டரை உனக்குத் தெரியுமா என்று பெரியம்மா என்னிடமே கேட்கிறாள்.

ஜூன் 26, வியாழன்

பத்திரிகையில் திருத்தம் வந்துவிட்டது. இரண்டு வரி. டெண்டர் விளம்பரத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில். "ஆய்வில் குடிநீர் சோதிக்கப்படவில்லை என மருத்துவர் ஆவுடையப்பன் தெரிவித்துள்ளார்." யார் இந்த ஆவுடையப்பன்.

பத்திரிகைக்காரர்களே மனசாட்சி உறுத்திப் போட்டதாக ஜெபமணி சார் நினைக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும்.

ஜூலை 6, ஞாயிறு

கீழ்வீட்டில் ஏதோ விசேஷம். கேசரி வாசனை மாடி வரைக்கும் வந்தது. கேசரி வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

தீசிஸ் மூன்றாம் அத்தியாயம் முடித்தேன். "இக்கண்டுபிடிப்பு எச்சரிக்கையுடன் அணுகப்பட வேண்டியது" என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினேன்.

ஜூலை 26, சனி

ஆடி விசேஷத்துக்கு அம்மா கூப்பிட்டிருந்தாள். கல்லிடைக்குறிச்சிக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். மேலே ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. முதலில் கருவியில் கோளாறு என்றுதான் நினைத்தேன். "தென்காசி"யில் "சி" இல்லை, காற்றுதான் வந்தது. "செங்கோட்டை" என்பது சீழ்க்கையில் தொடங்கியது. பக்கத்தில் காலேஜ் பையன்கள் அதே மாதிரி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அறிவிப்பு அறைக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. ஆதிமூலம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தாடை ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கீழே ஒரு பல் இல்லை. சுவரில் பேருந்து அட்டவணைக்குப் பக்கத்தில் என் படம் போட்ட அந்தச் செய்தி, கஞ்சி தடவி ஒட்டியிருந்தது.

"வாங்க டாக்டரம்மா. வாரவங்க போறவங்கட்டல்லாம் காட்டுவேன், நம்ம டாக்டருன்னு."

"ஏன் அண்ணாச்சி வரல?"

"நீங்கதான் பேப்பர்லயே சொல்லிட்டியள்லா. நாங்க காலங்காலமா செம்புக்குடத்துலதான் பொழங்குவோம். அன்னைக்கே தூக்கிப் பரண்ல போட்டாச்சு. காரணம் தெரிஞ்சுட்டு, அதையும் நிறுத்தியாச்சு, பொறவு கத்தி என்னத்துக்குன்னு விட்டுட்டேன்."

"இந்த வீக்கம்?"

"உள்ள தங்குன பழைய செம்பு எறங்குதுன்னு நெனச்சேன். பல்லு ஒண்ணு அதுவா விழுந்துட்டு. முறுக்குக் கடிச்சேன். மத்ததெல்லாம் நின்னுரும்லாம்மா?"

மைக் அணைத்திருக்கிறதா என்று பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. அவர் நான் சொல்லப்போவதற்காக நல்ல பிள்ளை மாதிரி காத்திருந்தார். வெளியே கல்லிடைக்குறிச்சி வண்டி கிளம்பிப் போயிற்று, அறிவிப்பு இல்லாமலே.

"செவ்வாக்கிழமை வாங்க. நான் இங்க வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

பத்தொன்பதாம் தேதி வராதபோதே யாரையாவது போன் பண்ணச் சொல்லியிருந்தேன் என்று நினைக்கிறேன். யாரிடம் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

அம்மாவிடம் தலைவலி, வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

சீழை வடித்து, ஈறைத் திறந்தேன். நடுவில் மிச்சமிருந்த பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. கீழே எலும்பே இல்லை, விரலோடு வந்துவிட்டது. ஓரத்தில் உள்ள இரண்டையும் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். ஜூனில் வந்திருந்தால் நான்குமே நின்றிருக்குமா? ஒருவேளை மூன்று நின்றிருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத படிப்பு.

வெட்டி எடுத்த ஈறுத் துணுக்கை சிஸ்டர் குப்பியில் போடப் போனார். "ஆராய்ச்சிக்கு எடுத்து வைக்கட்டா டாக்டர்?"

வேண்டாம் என்றேன்.

ஆதிமூலம் வாயில் பஞ்சோடு கண்ணாடியில் பார்த்தார். இரண்டு விரலைக் காட்டி, பிறகு இன்னொரு கையில் இரண்டு விரலைக் காட்டினார். போனதும் இரண்டு, நிற்பதும் இரண்டு என்கிறார். அவருக்கு அதில் திருப்திதான். எனக்குத்தான் பஸ் பிடித்து வீடு வருகிற வரைக்கும் எரிச்சல், யார்மேல் என்று தெரியாத எரிச்சல்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆதிமூலம் புண் காட்ட வந்தார். ஆறி வருகிறது. நான் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். பத்திரிகையில் வந்தது தப்பு, செம்புக்குடத்துக்கும் அவர் பல்லுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்கும் தெரியாது என்று. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"என்னைய மாதிரி இன்னும் எத்தனை பேரு வராம இருக்கானோ" என்றார். பிறகு, "எழுதித் தாங்க. டைம் கீப்பர்ட்ட கேட்டு நான் வாசிக்கேன். பேப்பர விட பஸ் ஸ்டாண்டுலதான் ஆளு ஜாஸ்தி."

ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் உதட்டை அசைத்து வாசித்துப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இத வாசிச்சு முடிக்கதுக்குள்ள பாபநாசம் வண்டி பாபநாசம் போயிரும்."

பாதியாகக் குறைத்தேன். செல்லின் சக்தி அறையை எடுத்ததில் எனக்கு வருத்தம்.

ஆகஸ்ட் 2, சனி

போய் நின்று கேட்டேன். "ஈறு நோய்க்கும் செம்புப் பாத்திரத் தண்ணீருக்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரம் எதுவும்" என்று வந்தபோது ஒரு வண்டி ரிவர்ஸில் வந்து ஹாரனை அமுக்கிக்கொண்டே நின்றது. "இல்லை" என்பது யார் காதிலும் விழவில்லை. பிறகு காலேஜ் பெயர் வந்தது, என் பெயர் வந்தது.

பக்கத்தில் கூடையோடு நின்ற அம்மா மகளிடம் சொன்னாள்: "கேட்டியாட்டி, ஈறு நோய்க்குச் செம்புத் தண்ணி நல்லதாம்."

"இல்லம்மா, அப்படிச் சொல்லல" என்றேன்.

"நீங்க சரியாக் கேட்ருக்க மாட்டீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அத்தான் மாடிக்கு வந்தார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு. முகமெல்லாம் சிரிப்பு. கையில் கேசரி.

"ஒன் வெளம்பரம் நல்லா வேல செய்யுது ஆவுடை. நேத்து சாயங்காலமே ஆளு வந்துட்டாங்க. ஈறுக்கு நல்லதாமே, பஸ் ஸ்டாண்டுல டாக்டர் சொல்லுதாங்களேன்னு."

"நான் அப்படிச் சொல்லல அத்தான். நல்லதுன்னு சொல்லி விக்காதிய. சத்தியமா எனக்குத் தெரியாது."

"வாங்க வந்தவங்கள வெரட்டவா சொல்லுதே?"

"ஈறுக்கு இல்லன்னு சொல்லிட்டு வித்துக்கோங்க."

சிரிப்பு போய்விட்டது. கேசரிக் கிண்ணத்தை மேசையில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். "கெட்டதுன்னு வந்தப்பவும் நான் சொல்லலன்னே. நல்லதுன்னு வந்தப்பவும் நான் சொல்லலங்கே. நீ எப்பதாம்மா எதையாவது சொல்லிருக்கே?"

கேட்டுவிட்டுப் போய்விட்டார். கோமதிநாயகம் கேசரியை எடுத்துத் தின்றபடி, "அண்ணன் கேட்டதுல ஒரு தப்பும் இல்ல" என்றார். அவர் மேல் வந்த கோபத்தில் பரணைச் சுத்தம் செய்தேன். ஒட்டடையெல்லாம் தலையில். கேசரியில் எனக்கு மிச்சம் வைத்திருந்தார், தொடவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மதியம் ஓ.பி. முடிந்து, அறிவிப்புக் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் காலேஜ் பெயரை அடித்தேன். பிறகு "ஆய்வில் தெரியவந்துள்ளது" என்பதை. என் பெயரை அடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைசியில் செம்பு மிஞ்சியது. செம்பு இருக்கிற வரைக்கும் கேட்கிறவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள், நல்லது என்றோ கெட்டது என்றோ. "தொடர்பு இல்லை", "தொடர்பு தெரியவில்லை", "செம்பைப் பற்றிக் கவலை வேண்டாம்", எப்படித் திருப்பி எழுதினாலும் அந்தச் சொல் மட்டும்தான் காதில் நிற்கிறது. அடித்துவிட்டேன்.

மிஞ்சியது: "ஈறில் ரத்தம் வந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல் ஆடும் வரை காத்திருக்க வேண்டாம்."

இது முதலாம் ஆண்டு மாணவிகூட எழுதக்கூடியது. என் ஆராய்ச்சியில் ஒரு துளிகூட இதில் இல்லை. ஆதிமூலத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துப் பார்த்து, "பல்லு ஆடும் வரைங்கதுல 'ச' இல்ல, நல்லதாப்போச்சு" என்றார். பதிவு செய்த குரலைப் போடுவது பற்றி மறுபடியும் பேச்சு நடக்கிறதாம். மாதக் கடைசியில் தெரியுமாம். இரண்டு வண்டிக்கு நடுவில் ஒரு தடவை, நாள் முழுக்க வாசிக்கிறேன் என்றார்.

வருகிற வழியில் கடைக்குள் போனேன். அத்தான் கல்லாவில் இருந்தார். காகிதத்தின் நகலை அவரிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தார்.

"இதுல நம்ம கடையும் இல்ல, ஒன் படிப்பும் இல்ல" என்றார்.

"ஆமா அத்தான்."

அவர் டீ வாங்கி வரச் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்காமலேயே மேல் தட்டிலிருந்து குக்கர் வாஷர் மூன்று அளவில் எடுத்துப் போட்டு, "எது சேருதுன்னு பாத்துட்டு மத்தத அனுப்பு" என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஜெபமணி சாருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பத்திரிகைக்கு எழுதியது நான்தான் என்பதும், பஸ் ஸ்டாண்டு விஷயமும். சனிக்கிழமை காலேஜ் பெயர் ஹாரனோடு சேர்ந்து ஒலித்ததை யாரோ சேர்மனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"இந்தத் தடவை வேண்டாம்மா. அடுத்த தடவை சப்மிட் பண்ணு. இன்னும் கொஞ்சம் சாம்பிள் சேத்தா நல்லாருக்கும்."

"சாம்பிள் போதும்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

"அப்ப போதும். இப்ப போதாது."

பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து, நாலு பேருக்குப் பல் சுத்தம் செய்தேன். கோமதிநாயகத்திடம் சொன்னபோது அவர் டி.வி.யை அணைத்தார். "இன்னும் ஆறு மாசம் படி. நான் கேன்டீன்ல சாப்பிட்டுக்கிடுதேன்" என்றார். சமாதானமா கிண்டலா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஓ.பி.யில் கூட்டம். பல் சுத்தம் செய்யும் ஸ்கேலர் மெஷினில் தண்ணீர் வரவில்லை, ஆள் வந்து சரிசெய்யப் பத்தரை ஆகிவிட்டது. முதல் நோயாளி ஒரு பூக்காரம்மா, பெயர் உச்சிமாகாளி. பஸ் ஸ்டாண்டு வாசலில் வியாபாரம். சீட்டை என்னிடம் நீட்டிக்கொண்டே உட்கார்ந்தாள்.

"பல்லு தேய்ச்சா ரத்தம் வருதும்மா. ரொம்ப நாளாவே. வலி கெடையாது, அதனால விட்டுட்டேன்."

"இப்ப மட்டும் எப்படி வந்தீங்க?"

"அங்க ஒருத்தர் காத்து போற வாய வச்சிக்கிட்டு நாள் முழுக்கச் சொல்லிக்கிட்டே கெடக்காரு. கேட்டுக் கேட்டு எரிச்சல்தான் வருது. சரி, போய்த்தான் பாப்போமேன்னு வந்தேன். பின்னால ரெண்டு கண்டக்டரும் ஒக்காந்திருக்காங்க பாருங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏம்மா, இது செம்பாலதான் வருதாமே, நெசமா?"

எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. செல், வாசல், கட்டி எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வாயத் தொறங்க" என்றேன்.

விளக்கை இழுத்து வைத்துக்கொண்டேன். ஈறு சிவந்து வீங்கியிருந்தது, கருவி பட்ட இடத்திலெல்லாம் ரத்தம் கசிந்தது. கீழ் முன்பற்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். பிறகு மேலே, பிறகு கடைவாய் வரைக்கும்.

எதுவும் ஆடவில்லை.